இரண்டு நிறத்து நிலைவாசல்

சங்கரன்கோவில்
12-9-79

சிரஞ்சீவி வெள்ளைத்துரைக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை வள்ளித்தாய் எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம்தான், மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பிலாய் மழையும் இரும்பாலை உலைச் சூடும் உன்னைப் படுத்தாமல் இருக்க கோமதியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

சிவகிரியிலிருந்து வள்ளியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று எழுதியிருந்தோமே, வந்து போனார்கள். அவர்கள் வருமுன் கதவுக்குப் பெயிண்டு அடிக்க வேண்டும் என்று அப்பா கிளம்பினார். வீட்டைப் பாகம் பிரித்தபோது தலைவாசல் நிலையும் ரெட்டைக் கதவும் அண்ணன் தம்பிக்கு ஆளுக்குப் பாதி என்று பெரியவர்கள் எழுதிவைத்தது உனக்குத் தெரியும். உன் சின்னையா தை மாதமே தன் பாதிக்கு உன் தாத்தா காலத்துக் கரும்பச்சையை அடித்துவிட்டார், நாமும் அதையே அடித்திருந்தால் போதும். அப்பாவோ கடையிலிருந்து நிற அட்டை வாங்கிவந்து இரண்டு நாள் வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார், பச்சை இருந்த பக்கத்தைப் புரட்டவே இல்லை. கடைசியில் பளபளக்கிற காப்பிக்கொட்டை நிறத்தில் விரலை வைத்தார். பெயிண்டர் இஸ்மாயில், "ஒரு வாசலுக்கு ரெண்டு கலரா அண்ணாச்சி, பாக்கவங்க சிரிப்பாவ" என்று சொல்லிப் பார்த்தார். "எம் பாகம் எதுன்னு ஊருக்குத் தெரியட்டும்வே, ஒமக்கென்ன" என்றார் அப்பா. பச்சை நல்லாயிருக்கும்ப்பா என்று வள்ளி மட்டும் மெதுவாகச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை, அது என் குற்றம்.

நிலையின் நடுவில் செதுக்கியிருக்கிற கஜலட்சுமியை என்ன செய்ய என்று இஸ்மாயில் கேட்டபோதாவது அப்பா யோசித்திருக்கலாம். நூலைப் பிடித்து நடுவே கோடு போடச் சொல்லிவிட்டார். ஒரு யானை பச்சை, ஒரு யானை காப்பிக்கொட்டை, லட்சுமி முகம் மூக்கோடு பாதி பாதி. பச்சைப் பாதி மங்கிக் கிடக்க நம் பாதி எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது.

மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றும்போதே அண்ணாந்து பார்த்துவிட்டாள். உள்ளே வந்து கேசரியைத் தொடாமல், "அண்ணன் தம்பி எத்தன பேரு?" என்று மட்டும் கேட்டாள். நாலாம் நாள் தரகர் ஆறுமுகச்சாமி வந்து, "பொண்ணு மேல ஒரு கொறையும் சொல்லல மதினி, லட்சுமியவே பாகம் பிரிச்ச வீட்டுல நமக்கு என்ன சோலின்னு அந்தம்மா கேக்கா" என்றார். இந்த இடத்தில் வள்ளி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், நான்தான் எழுது என்றேன்.

நேற்று சின்னையா மூன்று வருஷத்துக்குப் பிறகு அப்பாவிடம் பேசினார். "மிச்சப் பச்சை கெடக்குண்ணே, அந்த லட்சுமி மொகத்துக்கு மட்டுமாவது அடிச்சிருவோம், நம்ம புள்ளைக்குத்தானே" என்று வாசலில் நின்று கேட்டார். அப்பா நம் பக்கத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். ஐப்பசியில் ராயகிரியிலிருந்து வேறு ஆட்கள் வருவதாகச் சொல்கிறார்கள், அவர்களும் இந்த நிலையைத்தான் தாண்டி வர வேண்டும். அப்பா உன் சொல்லுக்குத்தான் கொஞ்சம் இறங்குவார். பாகத்தைக் கறாராகப் பிரியுங்கள் என்று அன்றைக்கு எழுதியவன் நீ, பச்சையே அடியுங்கள் என்றும் நீதான் எழுத வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இரு. அப்பாவுக்குத் தனிக் கடிதம் போடு, நான் சொல்லி எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. தாமதிக்காதே மக்கா, வள்ளி பள்ளிக்கூடத்து வேலைக்கு இப்போது பின்வாசல் வழியாகத்தான் போய்வருகிறாள்.

உன் அம்மா
முத்துமாரியம்மாள்