கருங்காலி என்றொரு மரம்

போன பிறகும் எனக்கு அண்ணனாகவே இருக்கிற என் அண்ணாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் திதி கொடுத்தோம். அண்ணி அழவில்லை. அழுது தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

ஊரில் நடக்கிற கூத்தைக் கேளுங்கள். இப்போது திருப்பூரில் எங்கே திரும்பினாலும் கருங்காலி மாலைதான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் குடை விரித்துப் போட்டு விற்கிறார்கள். நான் வேலை பார்க்கிற கம்பெனி மேனேஜர் போட்டிருக்கிறார், அயர்ன் மாஸ்டர் போட்டிருக்கிறார், ஒடிசாவிலிருந்து வந்த செக்கிங் பெண்கூட ஒன்று வாங்கிக் கையில் சுற்றியிருக்கிறாள். கெட்டது அண்டாதாம், ஆர்டர் வருமாம். விற்கிறவர் அந்தப் பெயரை உரக்கக் கூவுகிறார். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன், யாரோ உங்களைக் கூப்பிடுகிற மாதிரி.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது. சொல்லிவிடட்டுமா, அண்ணா?

கூலி உயர்வு கேட்டு ஸ்டிரைக் நடந்தபோது நீங்கள் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சங்கத்தில் முன்வரிசை. உங்கள் சிநேகிதர் செல்வராசண்ணன் எப்போதும் பக்கத்தில் நிற்பார். அந்த நேரம் பார்த்து அண்ணிக்கு முதுகுத்தண்டில் கட்டி வந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் கால் விழுந்துவிடும் என்றார் டாக்டர். அதைக் கேள்விப்பட்டு முதலாளி ஆள் அனுப்பினார். "வேலைக்கு வாங்க மாஸ்டர், ஆஸ்பத்திரிய நான் பாத்துக்கறேன்." மறுநாள் காலையில், எல்லோரும் பார்க்க, முன்கேட்டைத் தாண்டி உள்ளே போனீர்கள். பின்வாசலும் இருந்தது. நீங்கள் அதில் போகவில்லை.

அன்று சாயங்காலமே நம் வீட்டுச் சுவரில் சாயப்பட்டறைக் கறுப்பில் எழுதியிருந்தார்கள்: கருங்காலி. சங்கத்துக்குச் சுவரெழுத்து எழுதுகிற கை செல்வராசண்ணனுடையது. பார்த்ததுமே நமக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் மகள் கவிதா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். "அப்பா, கருங்காலின்னா என்னங்க?" என்று கேட்டாள். நீங்கள் சுண்ணாம்பு கரைக்கப் போனீர்கள். அவளாகவே அகராதியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மொதல்ல மரம்னு போட்டிருக்குதுங்கப்பா. உள்ளுக்குள்ள கன்னங்கரேல்னு, இரும்பாட்ட இருக்குமாம். ரெண்டாவதா..."

"மொதல்ல இருக்கறது போதும் கண்ணு," என்றீர்கள்.

எனக்குப் போதவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். உலக்கைக்கும் கோடரிப் பிடிக்கும் அந்த மரத்தை எடுப்பார்கள். மரத்தை வெட்டவே மரம் உதவியதால் துரோகிக்கு அந்தப் பெயர் வந்தது என்றார் ஒருவர். அதெல்லாம் இல்லை, வேலைநிறுத்தத்தை உடைக்கிறவனைக் கறுப்புக் கால்காரன் என்று இங்கிலீஷில் வைவார்கள், மில்லுக்குள் அது தமிழானபோது இந்த மரத்தின் பெயரில் போய் ஒட்டிக்கொண்டது என்றார் இன்னொருவர். எது நிஜமோ. இதில் மரம் செய்த தப்பு என்ன என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அண்ணி பிழைத்தார், நடந்தார். ஸ்டிரைக் முடிந்து கூலி ஏறியது. உங்களுக்கும் ஏறியது. "நாங்க வெயில்ல நின்னு வாங்குனதுங்க இது," என்று ஒருத்தர் உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். மங்கலம் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறினீர்கள். உங்களுக்கு முன்னாலேயே பெயர் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சுவருக்கு வெள்ளையடிக்க அடிக்க, மழைக்காலத்தில் எழுத்து மேலே வந்தது. யாராவது வழி கேட்டால், "கருங்காலி ஊடுங்களா? அந்த மூலைலீங்க," என்பார்கள். கெட்ட எண்ணம்கூட இல்லை. விலாசமாகவே ஆகிவிட்டது.

நீங்கள் போன அன்று தோள் கொடுக்கச் சொந்தக்காரர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

செல்வராசண்ணன் திதிக்கு வந்தார். தளர்ந்துபோயிருக்கிறார். கழுத்தில் கறுப்பு மணி மாலை. உங்கள் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். காப்பி கொண்டுவந்த கவிதா கேட்டாள், தெரிந்தேதான் கேட்டாள்:

"மாமா, அதென்ன மாலைங்க?"

"கரு..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். மாலையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டார். "அது... ஏதோ மரம் கண்ணு."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று அண்ணி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காப்பியைக் குடித்துவிட்டு, "வர்றனுங்க" என்று போய்விட்டார். சொல்லியிருந்தால்தான் என்ன? யாருக்குப் போய்ச் சேரும்?

இன்னொரு சேதி, சொல்லாமல் இருக்க முடியவில்லை. கவிதாவின் கம்பெனியில் ஆர்டர் நின்றுபோய், டெய்லர்களில் பாதிப்பேரை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேனேஜர் இவளுக்கு மட்டும் போன் பண்ணி உள்ளே வரச் சொல்லியிருக்கிறார். அவள் வீட்டுக்காரர் வேலை பார்த்த சாயப்பட்டறை மூடிக் கிடக்கிறது. நேற்று என்னிடம் கேட்டாள்.

"அத்தை, நான் என்ன பண்ணட்டுங்க?"

உள்ளே போனால் அந்த வேலையும் நிலைக்காது. வெளியே உட்கார்ந்தால் போன வேலை திரும்பாது. இது அவளுக்கும் தெரியும். "எனக்குத் தெரியல கண்ணு," என்றேன்.

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? போ என்றா, போகாதே என்றா? உள்ளே போன அந்தக் காலையில் உங்கள் மனசு என்ன பாடுபட்டது? ஒருநாளும் நீங்கள் சொல்லவே இல்லையே.

எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, அண்ணா. சரியாகாது என்றுதான் படுகிறது. ஆனால் நாளைக் காலையில் கவிதாவைக் கூட்டிக்கொண்டு அவள் கம்பெனி வரைக்கும் நான் நடக்கிறேன். அவள் உள்ளே போனாலும் சரி, வெளியே உட்கார்ந்தாலும் சரி, சாயங்காலம் அவளைத் திரும்பக் கூட்டிவரவும் நானே போவேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
சாந்தாமணி