மலைக்கு அங்கிட்டுக் கடல்

செவ்வாய்க்கிழமை

பள்ளியில் கடல் பற்றிய கட்டுரைப் போட்டி. ஜெயிக்கிற பிள்ளையைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டுவார்கள். தேர்வு செய்வது நான். எல்லோரையும்விட நன்றாக எழுதியவள் கூமாப்பட்டி செல்வி. ஆனால் திருச்செந்தூரில் சூரியன் கடலுக்குள் மறைவதாக எழுதிவிட்டாள். வகுப்பில் வைத்தே கேட்டேன்.

"ஏம்மா, கிழக்குக் கடல்ல எப்படி மறையும்? நீ கடலப் பாத்திருக்கியா?"

"இல்ல சார். எங்கூர்ல மலைக்கு அங்கிட்டு மறையுது. கடலும் அங்கிட்டுத்தான்னு நெனச்சேன்."

"ஏட்டி, கூமாப்பட்டிக்குக் கப்பல் எப்ப வருது?" என்றாள் பக்கத்துப் பெண். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டாம் இடத்தில் இருப்பவன் ராஜபாளையத்து மில் முதலாளியின் மகன். லீவுக்கு லீவு காரில் கடலுக்குப் போகிறவன். அவன் கட்டுரையில் உயிரில்லை, பிழையும் இல்லை. பார்த்தவனுக்கே மறுபடி காட்டுவதற்குப் பெயர் பரிசாம்! அவன் பெயரைத்தான் எழுதி வைத்தேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் செல்வி கேட்டாள்.

"அப்ப அங்க சூரியன் எங்கிட்டு சார் மறையும்?"

கடலைப் பார்த்து நின்றால் முதுகுக்குப் பின்னால், உங்கள் ஊர்ப் பக்கம். அதைச் சொல்லவில்லை.

"போய்ப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

காலையில் பெயரைக் கொடுக்க வேண்டும். தாள் முன்னால் இருக்கிறது. அவன் பெயர்மேல் ஒரு கோடு அடித்திருக்கிறேன்.