கொக்கிளாய்க்குப் போன கோச்சி

இஞ்சேருங்கோ,

கலியாணம் கட்டிய நாள் முதல் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது புதிதாகப் பெயர் எழுதினால் வேறு யாரையோ என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவீர்கள்.

உங்கள் விளையாட்டுக் கோச்சிக்கு, அந்தக் குட்டி ரயிலுக்கு, நான் புது வயர் போட்டுவிட்டேன். சிரிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு பிள்ளைகளைப் பற்றிக் கேட்பீர்கள் என்று பார்த்தால், "கொக்கிளாய்க் குடிலிலை ஒருக்கா அதை ஓட விடுவீரே?" என்றல்லவா கேட்டீர்கள். "ஓம்" என்றேன். சாகக் கிடக்கிற மனுஷனிடம் வேறு என்ன சொல்வது? சொன்ன பிறகு இரண்டு நத்தார் சும்மா போய்விட்டது.

கப்பலில் வேலை செய்த உங்கள் மாமா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த சாமான். சின்ன வயதில் அது உங்கள் ஊர் கொக்கிளாய்க் கோயிலில், நத்தாருக்குக் கட்டுகிற யேசு பாலன் குடிலைச் சுற்றி ஓடியதைச் சொல்லிச் சொல்லியே என் காதைத் தின்றீர்கள். சண்டைக்குள் உடையார்கட்டிலிருந்து கடைசியாக ஓடும்போது கிணற்றடியில் புதைத்தீர்கள், திரும்பி வந்து தோண்டி எடுத்தீர்கள். இரும்பு தப்பிவிட்டது. வயர்தான் தப்பவில்லை. எஞ்சின் மூடியைக் கழற்றித் தொட்டேன், மேலுறை காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி உதிர்ந்தது. உள்ளே செப்புக் கம்பி பச்சை பிடித்துக் கிடந்தது.

போன் திருத்துகிற கடையில் சூட்டுக்கோலும் ஈயமும் இரவல் வாங்கினேன். ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் புதியதை ஒட்டிய பிறகுதான் அடுத்ததில் கை வைத்தேன். விரலையும் சுட்டுக்கொண்டேன். கம்பியும் கம்பியும் முட்டக்கூடாது என்று நீங்கள் கத்துகிற கத்து நினைவிருந்ததால், கண்ட இடமெல்லாம் டேப் சுற்றினேன். ஓட்டிப் பார்க்கவில்லை. கோயிலில்தான் முதலில் ஓட வேண்டும் என்று ஒரு வீம்பு.

இந்த நத்தாருக்குக் கொக்கிளாய்க்குப் போகிற வழியில், கரையோர வீதியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்தார்கள். ஒரு சிப்பாய் என் பையைத் திறந்தான். பழைய சேலைக்குள் சிவப்பு வயர், கறுப்பு வயர், பட்டரிப் பெட்டி, இரும்பு. அவன் முகம் மாறிவிட்டது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். இந்த மண்ணில் ஒரு கிழவியின் பைக்குள் அப்படிக் கண்டால் யாருக்குத்தான் மாறாது?

"அம்மா, இது இங்க வைக்கிறது. அம்மா போறது" என்றான் அரைகுறைத் தமிழில்.

"விளையாட்டுக் கோச்சி, தம்பி. விட்டுட்டுப் போகமாட்டன்."

கொண்டக்டர் பின்னாலிருந்து, "அம்மா, உந்தப் பையை விட்டுட்டு ஏறுங்கோவன். சனத்துக்கு வேலை வெட்டி இருக்கு" என்றான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அப்ப உன்ரை பஸ்ஸையும் விட்டுட்டுப் போ" என்றேன்.

ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொன்னேன். அவன் யோசித்துவிட்டுச் சனத்தைத் தூரப் போகச் சொன்னான். தானும் தள்ளி நின்றான். ஓடாவிட்டால் பை போனதுதான், உங்களுக்குச் சொன்ன சொல்லும் போனதுதான். வீதி ஓரத்தில் நாலு துண்டுத் தண்டவாளத்தைப் பூட்டி எஞ்சினை வைத்தேன். ஒரு வயரைப் பட்டரிப் பெட்டியில் கொழுவினேன். மற்றதைக் கையில் எடுத்தேன்.

தொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் தொடுத்தேன். இல்லை.

"ஓடல்ல" என்றான் அவன். முன்னுக்கு வரவில்லை, இன்னும் ஓர் அடி பின்னுக்குப் போனான்.

மாதாவே என்று எஞ்சினைப் பிரட்டிப் பார்த்தேன். சில்லில் உரசிக் கரண்ட் எடுக்கிற செப்புத் தகடு இருக்கிறதே, அதையும் சேர்த்து டேப்பால் போர்த்து வைத்திருக்கிறேன்! பயந்தவள் பார்த்த வேலை. "தொட வேணாம்" என்று அவன் கத்தக் கத்த, நகத்தால் கிள்ளி உரித்தேன். மூன்றாம் தரம் தொடுத்தேன். கிர்ரென்று கிளம்பி, தண்டவாளம் முடிந்த இடத்தில் குப்புற விழுந்தது. அவன்தான் எடுத்து, மண்ணை ஊதிவிட்டு என் கையில் தந்தான்.

குடிலிலும் ஓடியது. பாலனைச் சுற்றிச் சுற்றி ஓடியது. பக்கத்தில் நின்ற உங்கள் தங்கச்சி அழுதா.

இனி நான் சொல்லப்போவதை அவாவிடமும் சொல்லவில்லை. அது என் கையால் பூட்டிய சாமான். உள்ளே எந்த வயர் எங்கே போகிறதென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அப்படியிருந்தும் வீதியில் மூன்று தரமும், கம்பி பட்டரியில் முட்டப்போகிற நேரம், வெடிக்கப்போகிற சாமானைத் தொடுகிறவள் மாதிரி நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கோயிலில், பாலனுக்கு முன்னாலும் அப்படித்தான். உங்கள் கோச்சி கிளம்பிய சத்தத்தைத்தான் கேட்டேன். கிளம்பியதை நான் பார்க்கவில்லை.

உங்களுக்கு எப்போதாவது இப்படி இருந்ததா? கேட்காமல் விட்டுவிட்டேனே.

வருகிற நத்தாருக்கும் நான்தான் தொடுப்பேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தொடுப்பேன். இது உங்களுக்குச் சத்தியம்.

உங்கள் பெண்சாதி,
றீற்றா