காட்டாத குழி

மார்ச் 3
பல் டாக்டர் குழியைக் காட்டவில்லை. நடந்த அநியாயம் இதுதான். எங்கள் சைக்கிள் சங்கப் பந்தயத்தில் ஒட்டி ஒட்டிப் போகும்போது, முன்னால் போகிறவர் குழியைக் கண்டால் கையை நீட்டிக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவனுக்கு அவர் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. பெரிய இறக்கத்தில் என் முன்னால் போன டாக்டர் மட்டும் ஹேண்டில்பாரை ஒடித்துத் தப்பிவிட்டார். நான் விழுந்தேன். தோள் எலும்பு முறிந்தது. அறுபத்தாறு வயதில் எனக்கு யாரும் தயவு காட்ட வேண்டாம். குழியைக் காட்டினால் போதும்.

மார்ச் 19
டாக்டர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். தூங்குவதுபோல் கிடந்தேன். "ஏங்க, தூங்கறவர் காலை ஆட்டுவாரா?" என்று அவர் காதுபடவே கேட்டாள் மனைவி.

ஏப்ரல் 28
கட்டு அவிழ்த்தார்கள். திரும்பும்போது பஸ் மேட்டிலிருந்து இறங்கியது. முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். "பயப்படாதீங்க பெரியவரே" என்றார் பக்கத்து ஆள். பயமா? எனக்கா?

மே 6
மறுபடி சைக்கிள் ஏறினேன். குழியையே பார்த்தால் சக்கரம் அதற்குள்தான் போகிறது. ஏன்? நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன்: கண் போகிற பக்கம் கை திரும்புகிறது. யாரும் கேட்கவில்லை.

மே 17
பயம்தான். எழுதிவிட்டேன். ஏற்றத்தில் இளவட்டங்களை முந்துகிறேன். உச்சியில் வாய் உலர்ந்துவிடுகிறது. விரல்கள் பிரேக்கை விட மாட்டேன் என்கின்றன. அடுத்த பந்தயமும் அதே இறக்கத்தில். போகாவிட்டால் கிழவன் ஒடுங்கிவிட்டான் என்பார்கள். போனால் —

மே 24
உச்சியில் நான் முன்னால். பின்னால் அதே டாக்டர். ஒதுங்கி வழிவிட்டிருக்கலாம். வீம்பு. வளைவு தாண்டியதும் புதிதாக ஒரு குழி. கையை எடு... எடுடா! வரலையே. பிரேக்கை விட்டா போச்சு. "குழீ!" என்று அலறினேன். டாக்டர் மயிரிழையில் தப்பினார்.

பந்தயம் முடிந்ததும் என்னிடம் வந்தார். "மயக்க ஊசி இல்லாம பல்லைப் பிடுங்கினாக்கூட யாரும் இப்படிக் கத்த மாட்டாங்கண்ணே."

நான் சிரிக்கவில்லை. "அன்னைக்கு நீங்க ஏன் கத்தல?"

"கை வரல. எனக்கு வாயும் வரல."

தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். மீதியை அவர் குடித்தார்.

மே 25
இனி இறக்கத்தில் யாரும் கையை எடுக்கக் கூடாது. முன்னால் போகிறவர் கத்த வேண்டும். இந்த விதியைச் சங்கச் செயலாளர் இந்த வாரமே எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். குழிகளை மூடச் சொல்லி என் மகள் சாலை அலுவலகத்துக்கு எழுத வேண்டும். கோபமாக எழுத அவளுக்குத்தான் வரும். டாக்டர் நாளைக் காலை தண்ணீர்த் தொட்டி மேட்டு இறக்கத்தில் கத்திப் பழக வேண்டும். அவர் முன்னால் போகட்டும். ஒட்டிப் பின்னால் போக வேண்டியது நான்.