பக்கத்து வீட்டுக்குப் போன மாத்திரை

ஜூலை 17, வியாழன்

தனலட்சுமி அக்காவுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் இரண்டு முறை மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டார். "வாயைக் கட்டமாட்டேங்கறாங்க, நீங்க பேசிப் பாருங்க" என்று இன்று என்னிடம் அனுப்பினார். சமூகவியல் படித்தவளை பெங்களூரு அல்சூர் கிளினிக்கில் வைத்திருப்பது இதற்குத்தான்.

சாப்பாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. "நேத்து காலையில எழுந்ததுலேருந்து சொல்லுங்கக்கா" என்றேன். தண்ணீர் பிடித்தது, சோறு வடித்தது, பக்கத்து வீட்டுச் சாந்தா வேலைக்குக் கிளம்பும்போது மாத்திரை கொடுத்தது...

"எந்த மாத்திரை?"

"என்னுதுதாம்மா. அவளுக்கும் சுகரு. பீன்யா கம்பெனில லீவு போட்டா சம்பளம் கட். காலைல அவ, நைட்டு நானு. ஒரே வியாதிதானே?"

எனக்குக் கோபம் வந்தது. கூட்டிய அளவை, யாரும் பரிசோதிக்காத சாந்தாவும் அல்லவா விழுங்கியிருக்கிறாள்!

டாக்டரிடம் சொன்னேன்.

"உடனே அவங்களையும் வரச் சொல்லுங்க. எப்ப லீவு?"

"சண்டே மட்டும்தான் சார்."

"அன்னிக்கு நமக்கும் லீவாச்சே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் சாவி யாரிடம் இருக்கும் என்று நாளை முதல் வேலையாகக் கேட்க வேண்டும்.