மீட்டர் மேல் பொட்டு

நகரி, 1959. ஆடி வெள்ளி.

மதராஸில் வாங்கிய, இன்ஜின் சூடு காட்டும் மீட்டரை இன்று காலை பழைய பிக்கப் வண்டியில் நானே மாட்டினேன். "பொட்டு வெக்காம எட்த்துக்கினு போவாதீங்க" என்று மனைவி ஓடிவந்து, அதன் கண்ணாடியில் காலணா அகலத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள்.

சேலை மூட்டைகளோடு திருப்பதிக்குக் கிளம்பினேன். வடமாலப்பேட்டையில் ராடியேட்டர் புஸ்ஸென்று பொங்கியது. முள் ஏறியதைப் பொட்டு மறைத்துவிட்டது! துடைக்கத் துணியை எடுத்தேன். ஆடி வெள்ளியில் அவள் வைத்த குங்குமம், மனசு வரவில்லை. தண்ணீர் ஊற்றிவிட்டு, மைலுக்கொரு முறை இறங்கி, பழையபடி ராடியேட்டரைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போய்வந்தேன்.

"மீட்டரு எப்டி கீது?" என்றாள்.

"ஜோரா கீது" என்றேன்.

விரலெல்லாம் கொப்புளம். இதற்குமேல் பேனா பிடிக்க முடியவில்லை.