சீவாத இழுப்பறைகள்

நவம்பர் 12, இரவு

மகளுக்காக நான் செய்யும் அலமாரியின் மூன்று இழுப்பறைகளும் இன்று திறக்கவே இல்லை. பலகையை என் கணவர் வேலை செய்யும் தேயிலை ஆலையின் சூட்டில் காயவைத்து, துளி இடைவெளி விடாமல் அறுத்தது என் தவறு. கொட்டகைக்குள் ஒரு வாரப் பனியில் மரம் ஈரம் குடித்து உப்பிவிட்டது.

அவர் இழைப்புளியை நீட்டினார். "சீவிட்டா ஓடும்லா. ஆனா ஜோகூர் வெயிலுக்குப் போனா லொடலொடன்னு ஆடும். மக எங்க வைக்கப் போறான்னு கேட்டுக்க."

கல்யாணமாகி ஜோகூர் போனவள், மாப்பிள்ளைக்கு இங்கே எங்கள் மலையில், பிரிஞ்சாங்கில் வேலை கிடைத்தால் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தாள். அதை நம்பி அவளுடைய பழைய அறைச் சுவருக்குத்தான் அளவெடுத்தேன். போன் செய்து கேட்டேன்.

"சீவாதீங்கமா. அப்படியே லோரியில ஏத்தி விடுங்க. இங்க வந்து காஞ்சா சரியாயிடும்."

"சரிமா."

"கோபமா?"

"மரத்துகிட்ட யாராச்சும் கோபப்படுவாங்களா?"

ஜெபத்தில், அவள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று கேட்கத்தான் முழங்கால் போட்டேன். "அவளை இங்கே கொண்டுவாரும் ஆண்டவரே" என்று வாயில் வந்துவிட்டது. திருத்திச் சொல்லவில்லை.